பூட்டிய போன், மூடாத கணக்குகள்: அப்பா இறந்த பிறகு எதை முதலில் செய்வது?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா பெங்களூர் ராமமூர்த்தி நகரில் போன மாதம் தவறிவிட்டார். அவருடைய ஆண்ட்ராய்டு போன் பின் நம்பர் தெரியாமல் பூட்டிக் கிடக்கிறது. ஜிமெயில், கூகுள் போட்டோஸ், பேஸ்புக், வாட்ஸ்அப், பன்னிரண்டு வருடமாகத் தமிழில் எழுதிவந்த பிளாகர் வலைப்பூ எல்லாம் அப்படியே இருக்கின்றன. அத்தனையையும் மூடிவிடலாம் என்கிறார் தம்பி. எதையும் தொடக்கூடாது என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: நாம் ஒன்றுமே செய்யாவிட்டால் எது எத்தனை நாளைக்கு இருக்கும், எதை எடுத்துக்கொள்ளக் குடும்பத்துக்கு உரிமை உண்டு, எந்த வரிசையில் செய்தால் எதுவும் கைநழுவிப் போகாது. பெங்களூரில் வாரிசு ஆவணங்களையும் இறந்தவர்களின் கணக்குகளை முடித்துவைக்கும் வேலையையும் பல வருடங்களாகக் கவனித்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

தம்பி சொல்வதுபோல் இப்போதே மூடினால் படங்களும் எழுத்தும் ஒரே நாளில் போய்விடும். அம்மா சொல்வதுபோல் தொடாமல் வைத்திருந்தாலும் போய்விடும், கொஞ்சம் மெதுவாக. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கெடு வைத்திருக்கிறது. வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் இணையத்தோடு தொடர்பே இல்லாமல் இருந்தால் நீக்கப்படும். கூகுள் கணக்கு இரண்டு வருடம் பயன்பாடு இல்லாமல் இருந்தால் நீக்கப்படலாம். 2023 மே மாதம் அறிவித்து, அந்த வருடம் டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்த விதி இது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முடிகிற கெடு ஒன்று இருக்கிறது. அது சிம் கார்டுடையது. ஆகவே அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு ப்ரீபெய்டு நம்பரை 90 நாள் யாரும் பயன்படுத்தாவிட்டால் கம்பெனி அதைத் துண்டித்துவிடலாம். கணக்கில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் அதிலிருந்து கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள். ரீசார்ஜ் காலம் முடிந்துவிட்டால், கம்பெனியைப் பொறுத்து, அதற்கு முன்பே இன்கமிங் நின்றுபோவதும் உண்டு. துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாளைக்கு வேறு யாருக்கும் தரமாட்டோம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது 2023 நவம்பரில் பதிவாகியிருக்கிறது. அந்த 90 நாளும் முடிந்தால், முகம் தெரியாத ஒருவர் கைக்கு அப்பாவின் நம்பர் போகும். வங்கியிலும் மின்னஞ்சலிலும் அந்த நம்பரை மாற்றாமல் விட்டிருந்தால் ஓடிபி அவருக்குப் போகும். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அதை நம்பி விட்டுவைக்கிற விஷயமில்லை இது. ஆகவே இன்றே அந்த நம்பருக்கு மூன்று மாத ரீசார்ஜ் போடுங்கள். போஸ்ட்பெய்டு என்றால் பில்லைக் கட்டிவிடுங்கள். பிறகு இறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றோடு கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குப் போய் நம்பரை அம்மா பெயருக்கோ உங்கள் பெயருக்கோ மாற்றக் கேளுங்கள். வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்வதால் பெயர் மாறாது. அது வேறு, இது வேறு. சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போட்டால் பெரும்பாலும் வேலை செய்யும், சிம்முக்கே தனியாகப் பின் நம்பர் போட்டிருந்தால் மட்டும் நிற்கும். இ-சிம் என்றால் கழற்ற வழியில்லை, ஷோரூம் ஒன்றுதான் வழி.

அடுத்தது பூட்டிய போன். அதை ஆஃப் செய்யாதீர்கள், ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜ் இறங்கவும் விடாதீர்கள். ரீஸ்டார்ட் ஆன போனில் முதல் தடவை பின் போடும்வரை உள்ளே இருக்கிற தகவல் எதுவும் திறக்காது. அந்த நிலையில் யாராவது கூப்பிட்டால் பெயர்கூட வராது, வெறும் நம்பர்தான் திரையில் தெரியும். போன் ஏற்கெனவே அந்த நிலையில் இருக்கிறதா என்பதை இதை வைத்தே தெரிந்துகொள்ளலாம். பின் நம்பரை ஊகித்துப் போட்டுப் பார்ப்பதை நான்கு ஐந்து தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் காத்திருக்கிற நேரம் கூடிக்கொண்டே போகும், சில போன்களில் ஒரு எண்ணிக்கைக்கு மேல் தவறினால் தானாகவே எல்லாவற்றையும் அழித்துவிடும் வசதியும் உண்டு. அதற்குப் பதில் அவருடைய டைரி, காலண்டரின் பின்பக்கம், பாஸ்புக் உறை, பர்ஸுக்குள் மடித்துவைத்த சீட்டு இவற்றைத் தேடுங்கள். அந்தத் தலைமுறை ஆட்கள் எங்கேயாவது எழுதித்தான் வைத்திருப்பார்கள். கடைகளில் 'அன்லாக் செய்து தருகிறோம்' என்றால் அனேகமாக அது ஃபேக்டரி ரீசெட்தான். போன் திறக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. போதாததற்குப் பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்கும். கடைக்காரரிடம் கொடுப்பதற்கு முன் 'டேட்டா அழியுமா' என்று நேரடியாகக் கேளுங்கள். போனில் தனியாக மெமரி கார்டு இருந்தால் அது இன்னொரு வாய்ப்பு. அதற்குப் பூட்டுப் போடாதிருந்தால் கார்டு ரீடரில் வைத்துப் படங்களை எடுத்துவிடலாம். ஆனால் போன் ஓடிக்கொண்டிருக்கும்போது சிம் தட்டை இழுத்தால் சில மாடல்கள் ரீஸ்டார்ட் கேட்கும், அதனால் பின் நம்பரைத் தேடி முடித்த பிறகு கடைசி முயற்சியாக இதைச் செய்யுங்கள். அதுவரை சிம் அதே போனில் இருக்கட்டும்.

வீட்டில் அவர் பயன்படுத்திய கணினியோ டேப்லெட்டோ இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். குரோமில் அவர் கணக்கு லாகின் ஆன நிலையிலேயே இருந்தால் படங்கள், வலைப்பூ, மின்னஞ்சல் எல்லாம் அங்கிருந்து தெரியும். வாட்ஸ்அப் வெப் மட்டும் போன் 14 நாள் பயன்படாமல் இருந்தாலே தானாக வெளியேறிவிடும். ஒரு மாதம் ஆகிவிட்டதால் அது போயிருக்கும். கணினியில் திறந்திருக்கிற கணக்கைக் குடும்பத்தார் பார்க்கலாமா என்று கேட்டால், இங்கேதான் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். கணக்கு என்பது அவருக்கு மட்டும் தரப்பட்ட அனுமதி, வாரிசுக்குக் கைமாறாது என்பது இந்த நிறுவனங்களின் நிலை, இது உறுதி. இறந்தவரின் இணையக் கணக்குகள் பற்றி இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை என்பதும் உறுதி. உரிமையாளர் அனுமதியில்லாமல் கணினித் தகவலை எடுப்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு தடுக்கிறது. உரிமையாளர் இறந்த பிறகு அந்த அனுமதியை யார் தருவது என்பது தெளிவாகத் தீர்க்கப்படாத கேள்வி. என் கருத்தைச் சொல்கிறேன்: எல்லா வாரிசுகளும் ஒப்புக்கொண்டு, வீட்டுக் கணினியில் திறந்திருக்கிற கணக்கிலிருந்து படங்களையும் வலைப்பூவையும் நகல் எடுப்பதில் யாருக்கும் இழப்பில்லை. அவருடைய அந்தரங்கக் கடிதங்களைப் படிப்பதும், அவர் பெயரில் பதில் எழுதுவதும், பணத்தைத் தொடுவதும் வேறு ரகம். அவற்றைச் செய்யாதீர்கள்.

நகல் எடுக்கிற வழி, கணக்கில் உள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் சேவை. அதில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டால் ராட்சத அளவில் வரும். முதலில் எல்லா டிக்கையும் நீக்கிவிட்டு போட்டோஸ், பிளாகர், கான்டாக்ட்ஸ் மூன்றுக்கு மட்டும் டிக் போடுங்கள். ஒரு ஜிப் கோப்பின் அளவு 2 ஜிபி என்று இருக்கும். அதை 10 ஜிபியாகவோ 50 ஜிபியாகவோ மாற்றினால் எண்ணிக்கை குறையும், ஆனால் நம் வீட்டு இணையம் நடுவில் அறுந்தால் பெரிய கோப்பை மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டியிருக்கும். 10 ஜிபி நடுத்தரமானது. கோப்பு தயாராகச் சில மணி நேரமோ சில நாளோ ஆகும். இறக்குவதற்கான இணைப்பு ஒரு வாரம் போல்தான் உயிரோடிருக்கும், அது அப்பாவின் ஜிமெயிலுக்கே வரும், ஆகவே தினமும் எட்டிப் பாருங்கள். படங்களின் தேதியும் இடமும் பல சமயம் தனிக் கோப்புகளாகப் பிரிந்து வரும், ஜிப்பில் உள்ள சின்னக் கோப்புகளைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் வந்த படங்கள், வாட்ஸ்அப் ஃபோல்டருக்கும் பேக்கப் போட்டிருந்தால்தான் கூகுள் போட்டோஸில் இருக்கும். பலர் போடுவதில்லை.

கணக்குக்குள் நுழையவே வழியில்லை என்றால் கூகுளுக்கு முறைப்படி எழுத வேண்டும். இறந்தவரின் கணக்குக்கென்று தனிப் படிவம் இருக்கிறது. அதில் கணக்கை மூடுவது, அதிலுள்ள பணத்தைக் கேட்பது, தகவலைக் கேட்பது என்று தனித்தனித் தேர்வுகள் உண்டு. அவசரத்தில் முதலாவதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். இறப்புச் சான்றிதழும் உங்கள் அடையாள அட்டையும் கேட்பார்கள். கடவுச்சொல்லை எக்காரணம் கொண்டும் தரமாட்டார்கள். தகவலைச் சில சூழ்நிலைகளில் தரலாம் என்று மட்டும் சொல்வார்கள், அதற்கும் அமெரிக்க நீதிமன்ற உத்தரவு கேட்க வாய்ப்பிருக்கிறது. குடும்பப் படங்களுக்காக அவ்வளவு செலவழிப்பது பெரும்பாலோருக்குக் கட்டுப்படியாகாது. விண்ணப்பியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். வலைப்பூவில் விளம்பரம் போட்டு வருமானம் சேர்ந்திருந்தால் அதையும் இதே படிவத்தில்தான் கேட்க வேண்டும்.

இதற்கிடையில் ஒரு வாய்ப்பை நினைவில் வையுங்கள். அப்பா கூகுளின் இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜரில் உங்களில் ஒருவரைக் குறித்துவைத்திருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்த 3, 6, 12 அல்லது 18 மாதம் கணக்கு அசையாமல் இருந்தால், குறித்த நபருக்கு மின்னஞ்சல் வரும். மூன்று மாதத்துக்குள் தகவலை இறக்கிக்கொள்ளலாம். இதில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று: ஆண்ட்ராய்டு போன் வைஃபையில் இணைந்திருந்தாலே அது கூகுள் சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும், அதுவும் பயன்பாடாகக் கணக்கில் வரும். அதாவது அப்பாவின் போனைப் பாசத்தோடு சார்ஜில் போட்டு வைஃபையில் வைத்திருக்கிறவரை அந்தக் கெடு ஓடத் தொடங்காது. பின் நம்பர் தேடுகிற இந்தச் சில வாரங்களுக்கு அப்படி இருக்கட்டும். கிடைக்காது என்று முடிவானால் மெமரி கார்டையும் பார்த்துவிட்டு, போனை அணைத்து வைத்து, சிம்மை மட்டும் வேறொரு சாதாரண போனில் ஓட்டுங்கள்.

ஆவணங்களில் நம்மவர்களுக்கு எப்போதும் இடறுவது பெயர்தான், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்ப் பெயரில் இனிஷியல் முன்னால் நிற்கும். பெங்களூரில் வேலைக்கு வந்த பிறகு ஏதோ ஒரு படிவத்தில் அது விரிந்து குடும்பப் பெயராகிப் பின்னால் போயிருக்கும். கே. சுப்ரமணியன் என்பவர் ஆதாரில் சுப்ரமணியன் கிருஷ்ணசாமி, பான் கார்டில் கிருஷ்ணசாமி சுப்ரமணியன், ஜிமெயிலில் மணியன், பேஸ்புக்கில் அல்சூர் சுப்பு என்று நான்கு ஆளாக இருப்பார். கலிபோர்னியாவில் இருக்கிற ஒரு ஊழியருக்கு இந்த நால்வரும் ஒருவர்தான் என்று தெரியாது. ஆகவே கர்நாடகாவின் பிறப்பு இறப்புப் பதிவுத் தளமான இ-ஜன்மாவிலிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்ததும் எழுத்துக்கூட்டலை ஆதாரோடு வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கன்னட எழுத்தில் சரியாக இருந்து ஆங்கில எழுத்தில் தவறியிருப்பதும் உண்டு. மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்கள் அனுப்பிய படிவத்தில் என்ன இருந்ததோ அதுதான் சான்றிதழில் வந்திருக்கும். தவறு இருந்தால் பதிவாளரிடம் திருத்தம் கேட்டு வாங்கிய பிறகே மற்ற இடங்களுக்கு அனுப்புங்கள். தவறான சான்றிதழை நான்கு இடத்தில் கொடுத்துவிட்டு ஐந்தாவது இடத்தில் திருத்தியதைக் கொடுத்தால் சந்தேகம்தான் வளரும். பெயர்கள் வேறுபட்டால், இந்த எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழி எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி வையுங்கள். அதோடு, அவருடைய பெயரும் அந்த மின்னஞ்சல் முகவரியும் ஒரே தாளில் அச்சாகியிருக்கிற வங்கிக் கடிதமோ இன்சூரன்ஸ் கடிதமோ ஒன்று இருந்தால் இணையுங்கள். இது நன்றாக உதவும்.

வாரிசு என்று காட்டத் தமிழ்நாட்டில் தாசில்தார் தருகிற வாரிசுச் சான்றிதழ் போல, இங்கே நாட கச்சேரி என்ற வருவாய்த்துறை அலுவலகம் வழியாக, குடும்ப உறுப்பினர்களைக் காட்டும் வம்சவிருட்சம் வாங்குவார்கள். ஊரில் நிலம் இருப்பதால் அங்கேயே வாங்கிவிடலாம் என்று சிலர் வேலூருக்கும் சேலத்துக்கும் அலைகிறார்கள். அவர் கடைசியாக வசித்த முகவரி பெங்களூர் என்றால் இங்கே கேட்பதுதான் நேர்.

வலைப்பூவைப் பற்றி எனக்குத் தனிக் கவலை உண்டு. பன்னிரண்டு வருட எழுத்து என்பது குடும்பச் சொத்து மட்டுமல்ல, இந்த ஊர்த் தமிழர்களைப் பற்றி வேறு எங்கும் பதிவாகாத செய்திகள் அதில் இருக்கக்கூடும். பிளாகர் கணக்கு கூகுள் கணக்கோடு ஒட்டியது. அந்தக் கணக்கை மூடினால் இதுவும் போய்விடும். ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: கணக்குதான் வாரிசுக்கு வராது, எழுத்து வரும். 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம் அந்த எழுத்தின் உரிமை அவருடைய வாரிசுகளுடையது, உயில் எழுதியிருந்தால் உயில் சொல்கிறவருடையது. கடவுச்சொல் கிடைக்காவிட்டாலும் அந்தக் கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட உங்களுக்கு யார் அனுமதியும் வேண்டாம். வலைப்பூ பொதுவில் திறந்திருக்கிறவரை, உள்ளே நுழையாமலேயே காப்பாற்றலாம். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒரு பக்கத்தின் முகவரியை ஒட்டிச் சேமிக்கச் சொன்னால் அன்றைய நிலையில் ஒரு நகல் அங்கே நின்றுவிடும். முகப்புப் பக்கத்தை மட்டும் சேமித்தால் போதாது, ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகத் திறந்து சேமிக்க வேண்டும். மாத வாரியான பட்டியலை வைத்துக்கொண்டு நீங்களும் தம்பியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தால் சில மாலைகளில் முடியும். பின்னூட்டங்களையும் சேர்த்து வீட்டுக் கணினியில் ஒரு பிடிஎஃப் நகல் எடுங்கள்; அந்தக் காலத்து விவாதங்களில் பாதி பின்னூட்டத்தில்தான் நடந்தது. சொந்த டொமைன் பெயர் வாங்கியிருந்தால் அதன் ஆண்டுக் கட்டணத் தேதியை முதலில் பாருங்கள். கார்டு முடங்கிப் பெயர் காலாவதியானால் டாட்காமுக்குக் கூடுதல் கட்டணத்தோடு மீட்க ஒரு சிறு அவகாசம் உண்டு. அதையும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கி, அதில் சூதாட்ட விளம்பரம் போடலாம். அப்படிப் போன தமிழ் வலைத்தளங்கள் பல.

கார்டு முடங்குவது என்றதும் இன்னொரு சங்கிலியையும் சொல்ல வேண்டும். வங்கிக்கு இறப்பைத் தெரிவித்ததும் கணக்கும் கார்டும் நிறுத்தப்படும், அது சரியானதே. ஆனால் அந்தக் கார்டிலிருந்துதான் கூடுதல் சேமிப்பிடத்துக்கான கூகுள் ஒன் சந்தா போய்க்கொண்டிருக்கிறது என்றால் அது நின்று, இடம் 15 ஜிபிக்குச் சுருங்கும். அதற்கு மேல் நிறைந்திருந்தால் ஜிமெயிலுக்குப் புதிய மின்னஞ்சல் வருவது நிற்கும். அப்போது பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் விவரங்களைச் சேர்த்து வருகிற ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையும் திரும்பிப் போகும். அவர் எங்கெங்கே முதலீடு செய்திருக்கிறார் என்று தெரியாத குடும்பத்துக்கு அந்த ஒரு பிடிஎஃப்தான் வரைபடம்; அதன் கடவுச்சொல் பெரும்பாலும் பெரிய எழுத்தில் பான் நம்பர். ஆகவே வங்கிக்குச் சொல்வதற்கு முன் என்னென்ன சந்தா அந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று பாஸ்புக்கில் மூன்று மாதத்துக்குப் பின்னோக்கிப் பாருங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்கிறேன். யுபிஐ பின் தெரியும் என்பதற்காக அவர் கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் மாற்றாதீர்கள். ஈமச் செலவுக்கே என்றாலும் வேண்டாம். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுக்கிற பொறுப்பாளர், முழு உரிமையாளர் அல்ல. பங்குகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. நாளைக்கு அண்ணன் தம்பிக்குள் மனத்தாங்கல் வந்தால், அப்படி யுபிஐயில் மாற்றிய ஒரு பரிமாற்றமே வழக்குக்குப் போதும். மறந்துபோன பழைய டெபாசிட்டுகளை ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் பெயரும் பான் நம்பரும் கொடுத்துத் தேடலாம். ஆதாரில் இறப்பைப் பதிவதற்கு மை ஆதார் தளத்தில் பல மாநிலங்களுக்கு வசதி இருக்கிறது, கர்நாடகாவும் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதையும் பான் ஒப்படைப்பதையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கடைசி வருமான வரிக் கணக்கை வாரிசாக நீங்கள் தாக்கல் செய்ய அந்தப் பான் இன்னும் தேவைப்படும்.

பேஸ்புக்கில் இரண்டு வழி உண்டு: முழுவதும் நீக்குவது, அல்லது நினைவுக் கணக்காக மாற்றுவது. மாற்றிய பிறகு பெயருக்கு முன்னால் 'ரிமம்பரிங்' என்று வரும், யாரும் லாகின் செய்ய முடியாது, பிறந்தநாள் நினைவூட்டல்கள் நிற்கும், பழைய பதிவுகள் அப்படியே இருக்கும். இறந்தவர் கணக்கைத் திருடி நண்பர்களிடம் பணம் கேட்கிற மோசடிக்கு இது நல்ல பூட்டு. அம்மாவின் மனதுக்கும் தம்பியின் கவலைக்கும் நடுவில் இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் செய்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். குடியிருப்போர் சங்கமோ கோயில் கமிட்டியோ ஏதாவது ஒரு பேஸ்புக் பக்கத்துக்கு அவர் ஒருவர் மட்டுமே நிர்வாகியாக இருந்தால், கணக்கு நினைவுக் கணக்கானதும் அந்தப் பக்கமே நீக்கப்படும். அப்படி எதுவும் இருந்தால் அந்தச் சங்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி, பக்கத்தில் உள்ளதை நகல் எடுக்கச் சொல்லுங்கள். அவர் உயிரோடிருக்கும்போது லெகசி கான்டாக்ட் என்று யாரையாவது குறித்திருந்தால், குறிக்கப்பட்டவர் முகப்புப் படத்தை மாற்றலாம், ஓர் அஞ்சலிக் குறிப்பைப் போட்டு மேலே நிறுத்தலாம். அவராலும் தனிச் செய்திகளைப் படிக்க முடியாது. இன்ஸ்டாகிராமில் நினைவுக் கணக்கு உண்டு, லெகசி கான்டாக்ட் கிடையாது.

வாட்ஸ்அப்பில் அவருடைய உரையாடல் போனிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. பின் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கம் போனதுதான். ஆனால் உரையாடலின் மறுபாதி உங்களிடம், அம்மாவிடம், தம்பியிடம் இருக்கிறது. அம்மா போனில் அப்பாவின் சாட்டைத் திறந்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் செய்திகளும் படங்களும் கோப்பாக வரும். படங்களோடு சேர்த்து எடுத்தால் சமீபத்திய செய்திகளுக்கு ஒரு வரம்பு உண்டு, அதனால் படங்கள் இல்லாமல் ஒரு தடவையும் எடுங்கள். அவர் அனுப்பிய குரல் பதிவுகள் போனின் ஃபைல் மேனேஜரில், வாட்ஸ்அப் மீடியாவுக்குள் வாய்ஸ் நோட்ஸ் என்ற ஃபோல்டரில், வருடமும் வார எண்ணும் சேர்ந்த பெயர்களில் அடுக்கியிருக்கும். அந்த ஃபோல்டரை முழுசாகப் பென்டிரைவுக்கு நகல் எடுத்துவிடுங்கள். அம்மா போனை மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்தாக வேண்டும். இழப்பு பெரும்பாலும் அப்போதுதான் நடக்கிறது.

நீங்களும் தம்பியும் உங்கள் கணக்குகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இவ்வளவு அலைச்சலுக்கும் காரணம் முன்னால் செய்யாத ஒரு மணி நேர வேலை. கூகுள் கணக்கில் டேட்டா அண்ட் பிரைவசி பக்கத்தின் கீழே டிஜிட்டல் லெகசி என்று இருப்பதுதான் நான் மேலே சொன்ன இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர். பத்துப் பேர்வரை குறிக்கலாம், யாருக்கு எது என்று பிரித்தும் தரலாம். படங்கள் மனைவிக்கு, வலைப்பூ மகளுக்கு, மின்னஞ்சல் யாருக்கும் வேண்டாம், கடைசியில் கணக்கை அழித்துவிடு என்றெல்லாம் சொல்ல முடியும். எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட்டுப் போக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை, சிலவற்றை அழித்துவிட்டுப் போவதும் ஒருவருடைய உரிமைதான். குறித்தவரின் மொபைல் நம்பர் மாறினால் இங்கேயும் மாற்றுங்கள், சரிபார்ப்புக் குறியீடு அந்த நம்பருக்குத்தான் போகும். ஐபோன் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் லெகசி கான்டாக்ட் சேர்த்து, அது தருகிற அணுகல் சாவியை அச்செடுத்துக் கொடுத்துவைக்கலாம். இறப்புச் சான்றிதழும் அந்தச் சாவியும் இருந்தால் மூன்று வருடம் படங்களையும் குறிப்புகளையும் எடுக்கலாம், சேமித்த கடவுச்சொற்கள் மட்டும் வராது. போனின் பின், மின்னஞ்சல் கடவுச்சொல், போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழையக் கூகுள் தருகிற பத்து பேக்கப் குறியீடுகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒட்டிய உறையில் நகைப் பெட்டியோடு வையுங்கள். அவற்றை உயிலில் எழுதாதீர்கள், உயிலின் நகல் பல மேசைகளுக்குப் போகும். உறை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் உயிலில் எழுதுங்கள். உயில் தாளில்தான் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். மின்னணு உயிலைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்பதில்லை. கிரிப்டோ வைத்திருந்தால் அதைத் திறக்கிற 12 அல்லது 24 மீட்புச் சொற்கள் எங்கே இருக்கின்றன என்று ஒருவருக்காவது தெரிய வேண்டும், அது தொலைந்தால் எந்த நீதிமன்றத்தாலும் மீட்டுத் தர முடியாது.

2023ஆம் வருடத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, இறந்த பிறகு நம் தகவல் உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. இந்த உரிமை நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் தரப்பட்டிருக்கிறது. உயிரோடிருப்பவர் நியமித்தால்தான் அது பலிக்கும், ஆகவே உங்கள் அப்பா விஷயத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள். நான் சொன்னதெல்லாம் வாரிசுகள் ஒரே மனதாக இருக்கிற குடும்பத்துக்கு. தம்பிக்கும் அம்மாவுக்கும் இது வெறும் கருத்து வேறுபாடுதான் என்று உங்கள் கேள்வியிலிருந்து எடுத்துக்கொண்டேன். சொத்தில் ஏற்கெனவே தகராறு இருக்கிறது என்றால், சிம்முக்கு ரீசார்ஜ் போடுவது, வலைப்பூவை வெளியிலிருந்து சேமிப்பது ஆகிய இரண்டைத் தவிர வேறு எதையும் தொடாமல், கணினியையும் போனையும் அப்படியே வைத்துவிட்டு, சிவில் வழக்குப் பார்க்கிற வழக்கறிஞர் ஒருவரை முதலில் பாருங்கள்.